கலப்பு வேறு, கலப்படம் வேறு

தமிழில் "கலப்பு" என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை, நெய்யில் வனஸ்பதி என்று காலங்காலமாகப் பார்த்துவிட்ட ஜனங்களுக்கு, கலந்தது என்றாலே கெட்டது என்ற எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. ஆனால் அதே ஜனங்கள் விடிந்ததும் தேடுகிற காப்பி, கலப்புச் சரக்குத்தான். பெங்களூரில் காப்பிக் கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடைக்குப் போகிற தமிழர், "காப்பிப் பொடி கொடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்பதில்லை. பீபரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று கணக்குச் சொல்லித்தான் வாங்குகிறார். அதைக் கலப்படம் என்று அவர் நினைப்பதில்லை. சொன்னதற்கு மேல் ஒரு பிடி சிக்கரியைக் கடைக்காரர் சொல்லாமல் தள்ளினால்தான் அது கலப்படம். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக் கூடாது. விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் போட வேண்டும்.

இந்த எளிய வேற்றுமை ஒயின் விஷயத்தில் மட்டும் ஏனோ மறந்து போகிறது. நந்தி மலைப் பக்கத்தில் ஒயின் திராட்சைத் தோட்டங்கள் வந்த பிறகு, பெங்களூரில் ஒயினைப் பற்றிப் பேசுவோர் தொகை பெருகியிருக்கிறது. அவர்களிடையே பரவலாக உள்ள அபிப்பிராயம் இது: ஒரே ஜாதித் திராட்சையில் செய்து, அதன் பெயரை லேபிளில் போட்டு விற்பதே உயர்ந்த ஒயின், பலவற்றைக் கலந்தது, மீந்ததையெல்லாம் கொட்டிச் செய்த இரண்டாந்தரச் சரக்கு. இந்த அபிப்பிராயம் தவறு. தவறு என்பதற்குத் தெற்குப் பிரான்சில் உள்ள ஒரு கிராமமே சாட்சி.

ஒயினைப் பற்றிப் பேசுவது குடிக்கச் சொல்வது ஆகாது. உடலுக்குத் தீங்கில்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே கூறியது. "தினம் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது" என்ற பழைய பேச்சை நம்புவதற்கு இன்று இடமில்லை. ஆனால் ஒரு கிராமத்து விவசாயிகள் தங்கள் விளைபொருளின் பெயரைப் போலிகளிடமிருந்து மீட்ட வரலாறு, மதுவைத் தொடாதவர்களும் அறிய வேண்டிய ஒன்று.

போப்பின் புதுக்கோட்டை

ரோன் நதி மத்தியதரைக் கடலை நோக்கி இறங்கும் வழியில், ஒராஞ்ஜ், அவிஞோன் என்ற இரு நகரங்களுக்கு நடுவே இருக்கிறது ஷாத்தோநெஃப் து பாப். "போப்பின் புதுக்கோட்டை" என்று பொருள். (புதுக்கோட்டைக்காரர்கள் சந்தோஷப்படலாம்.) 1309-ல் போப் ஐந்தாம் கிளெமெண்ட் ரோமாபுரிக்குப் போகாமல் அவிஞோனிலேயே தங்கினார். 1377 வரை ஏழு போப்புகள் அங்கிருந்தே கத்தோலிக்க உலகை நடத்தினர். அவர்களில் இரண்டாமவரான இருபத்திரண்டாம் ஜான் கோடைக் காலத்துக்கென்று இந்தக் குன்றின் மேல் ஒரு கோட்டை கட்டினார். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படையினர் வெடி வைத்துத் தகர்த்தது போக, ஒரு பக்கத்துச் சுவர் இன்றும் நிற்கிறது. ஊருக்கு இந்தப் பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 1893-ல்தான். அதற்கு முன் சுண்ணாம்புக் காளவாய்களை வைத்துத்தான் ஊரை அழைத்தார்கள்.

போப்பின் பெயர் இருந்தாலும் வியாபாரத்தில் இந்த ஊர் ஒயினுக்கு நெடுங்காலம் மரியாதை இல்லை. பீப்பாய் பீப்பாயாக வடக்கே பர்கண்டிக்குப் போகும். அங்கே வெயில் போதாமல் சோகை பிடித்த ஒயினுக்கு இதை ஊற்றித் தெம்பேற்றி, பர்கண்டி என்ற பெயரிலேயே விற்றுவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு "மருந்து ஒயின்" என்று பெயர் வைத்திருந்தார்கள். உழைப்பு ஒரு ஊர், பெயர் வேறு ஊர்.

1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலாக்செரா என்ற பூச்சி, ரோன் நதியின் எதிர்க்கரையில் உள்ள ரோக்மோர் பக்கம் முதலில் தலை காட்டியது. வேரை உறிஞ்சும் இந்தச் சின்னஞ்சிறு ஜந்து சில ஆண்டுகளில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை மொட்டையடித்துவிட்டது. அமெரிக்கக் கொடியின் வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டும் வழி தெரிந்த பிறகே தோட்டங்கள் பிழைத்தன. அந்தப் பஞ்ச காலத்தில் சர்க்கரைத் தண்ணீரும் உலர்ந்த திராட்சையும் ஒயினாகி விலை போயின. உண்மையான ஒயின் மீண்டும் வந்தபோது போலி அதன் விலையைக் கீழே தள்ளியது. 1907-ல் லாங்கெடாக் பகுதியில் லட்சக்கணக்கான திராட்சை விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். நார்போன் நகரில் ராணுவம் சுட்டு உயிர்கள் போயின. கலப்படம் என்ற சொல்லின் முழு அர்த்தத்தையும் அந்தத் தலைமுறை ரத்தத்தில் அறிந்திருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும்.

1923-ல் ஷாத்தோநெஃப் விவசாயிகள், தங்கள் ஊர்ப் பெயரில் யார் யாரோ எதை எதையோ விற்பதைத் தடுக்க வழி கேட்டு ஒருவரிடம் போனார்கள். அவர் பரோன் பியேர் லெ ருவா. சட்டம் படித்தவர், முதல் உலகப் போரில் போர் விமானம் ஓட்டியவர், மணவுறவால் அந்த ஊர்த் தோட்டம் ஒன்றுக்கு உரியவரானவர். அவர் சம்மதித்தார். ஆனால் வெளியாரைக் கட்டுப்படுத்து முன் ஊராரே தங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதுவே இந்த வரலாற்றின் உயிர்நாடி.

எந்த நிலம் ஷாத்தோநெஃப்? லாவண்டர் செடியும் தைம் என்ற வாசனைச் செடியும் விளையக்கூடிய வறண்ட நிலம் மட்டும். வண்டல் மண்ணுக்கு இடமில்லை. எந்தத் திராட்சை? பட்டியலில் உள்ளவை மட்டும். ஆல்கஹால் நூற்றுக்கு 12.5-க்குக் குறையக் கூடாது. அதற்காகச் சர்க்கரை சேர்க்கவும் கூடாது. பழத்தைக் கையால் பறித்துத் தரம் பிரித்து, குறைந்தது நூற்றுக்கு 5 பங்கைக் கழித்துக்கட்ட வேண்டும். ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டருக்கு மேல் விளைச்சல் எடுக்கக் கூடாது என்ற வரம்பும் இந்தப் பெயருக்கு உண்டு. ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 1,400 லிட்டர். "இன்னும் விளைவிக்கிறோம்" என்று கேட்பதுதான் விவசாயி வழக்கம். குறைவாக விளைவிப்போம் என்று விவசாயிகளே எழுதிக் கையெழுத்திட்டது அபூர்வம்.

வழக்கு கோர்ட் கோர்ட்டாக ஏறி 1933-ல் முடிந்தது. 1935-ல் பிரெஞ்சு அரசு இதே கொள்கையை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. அச்சட்டத்தின் கீழ் 1936-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற சில பெயர்களில் ஷாத்தோநெஃப் ஒன்று. ஊர்ப் பெயரைச் சொத்தாகக் கருதும் இந்தக் கொள்கை உலகம் முழுவதும் பரவியது. இந்தியா 1999-ல் இயற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டமும் இதே கொள்கையின் வழிவந்ததுதான். அதில் முதலாவதாகப் பதிவானது டார்ஜீலிங் தேயிலை. 2019-ல் குடகு அராபிகா, சிக்மகளூர் அராபிகா காப்பிகளும் சேர்ந்தன.

இவ்வளவு கண்டிப்பான ஊருக்கு வேடிக்கையும் தெரியும். பறக்கும் தட்டுப் பீதி பிரான்சைப் பிடித்திருந்த 1954-ல், எந்த நாட்டுப் பறக்கும் தட்டும் ஊர் எல்லைக்குள் இறங்கக் கூடாது, இறங்கினால் உடனே பறிமுதல் என்று மேயர் லூசியன் ஜ்யூன் உத்தரவு போட்டார். இன்று வரை எதுவும் இறங்கவில்லை.

பதின்மூன்று பேர் கூட்டுக்குடும்பம்

அந்தப் பட்டியலில் எத்தனை திராட்சை? 1936-ல் 13. நிறபேதங்களைத் தனித்தனியாக எண்ணி 2009-ல் 18 ஆக்கினார்கள். சிவப்பு ஒயினிலேயே வெள்ளைத் திராட்சையையும் சேர்க்கலாம் என்பது பலருக்கு ஆச்சரியம் தரும். எந்த விகிதத்தில் என்று சட்டம் சொல்லவில்லை. நடைமுறையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலத்தில் இருப்பது கிரெனாஷ். மற்றவற்றில் முக்கியமானவை சிரா, மூர்வெத்ர், சின்சோ. கூனுவாஸ், வக்கரேஸ், முஸ்கார்தான் போன்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான்.

ஏன் இத்தனை? காரணம் ருசி மட்டுமல்ல, பயம். கிரெனாஷ் வெயிலுக்கு அஞ்சாது. மிஸ்திரால் என்ற அந்தப் பிரதேசத்துப் பேய்க்காற்றிலும் வளையாமல் நிற்கும். சர்க்கரை நன்றாக ஏறும். ஆனால் பூக்கும் நேரத்தில் குளிரோ மழையோ வந்தால் பூ உதிர்ந்து காய் பிடிக்காது. அதன் ஒயினுக்கு நிறமும் குறைவு. காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுத்து நைந்துவிடும். மூர்வெத்ர் நேர்மாறு. தாமதமாகக் கனியும், நிறமும் துவர்ப்பும் மிகுதி, காற்றைத் தாங்கும். ஒன்றின் பலவீனத்தை மற்றொன்றின் பலம் மூடுகிறது. சிரா கறுத்த நிறமும் மிளகு மணமும் தருகிறது. மிளகு மணம் என்பது வெறும் வர்ணனை அல்ல. மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற அதே பொருள்தான் சிராவிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் கண்டறிந்தார்கள். சின்சோ கனத்தைக் குறைக்கும். கூனுவாஸ் சற்றுப் புளிப்பேற்றும்.

ஒரே நாளில் பூக்காத, ஒரே நாளில் கனியாத, ஒரே நோய்க்குப் பலியாகாத பல ஜாதிகளைப் பயிரிட்ட விவசாயி, இன்ஷூரன்ஸ் கம்பெனி இல்லாத காலத்தில் தனக்குத் தானே இன்ஷூரன்ஸ் செய்துகொண்டான். 2018 வசந்தத்தில் மழை கொட்டி அடிச்சாம்பல் நோய் பரவியபோது அதிகம் அடிபட்டது கிரெனாஷ். அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் அந்த ஆண்டு வெறுங்கையோடு நின்றார்கள்.

இனி, ஒரே திராட்சை என்று லேபிளில் போட்டு விற்பவர்களின் நேர்மையைச் சற்றுப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஒரு திராட்சையின் பெயரைப் போட, ஒயினில் அது நூற்றுக்கு 75 பங்கு இருந்தால் போதும். 1983-க்கு முன் 51 பங்கே போதுமாக இருந்தது. ஐரோப்பாவில் 85 பங்கு. எனவே "கேபர்னே" என்று எழுதிய அமெரிக்கப் பாட்டிலில் கால் பங்கு வேறு திராட்சை சட்டப்படியே இருக்கலாம். வாங்குகிறவருக்குத் தெரியாது. கலந்துவிட்டுக் கலக்காதது போல் நிற்பவரை உயர்த்தி, கலப்பு என்று ஊரறியச் சொல்பவரைத் தாழ்த்துவது என்ன நியாயம்?

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஷாத்தோநெஃப் லேபிளில் எந்தத் திராட்சை எவ்வளவு என்று போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஐரோப்பாவில் 2023 டிசம்பர் முதல் ஒயினில் சேர்த்த பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதிலும் திராட்சை ஜாதி கிடையாது. பல தோட்டக்காரர்கள் பின்பக்க லேபிளில் தாமாகவே விகிதத்தை அச்சிடுகிறார்கள். எல்லாரும் அதைச் செய்வதே முறை. காப்பிப் பொடிப் பொட்டலம் சொல்கிற அளவுக்காவது, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பாட்டில் சொல்லக் கூடாதா?

இன்னொரு ஆட்சேபம் கனமானது. ஷாத்தோநெஃப் ஊரிலேயே மிகப் புகழ் பெற்ற சிவப்பு ஒயின்களில் ஒன்றான ஷாத்தோ ரயாஸ், முழுக்க முழுக்கக் கிரெனாஷ். பட்டியலில் உள்ள எல்லாத் திராட்சைகளையும் சேர்க்கும் ஷாத்தோ போகாஸ்தெல் ஒரு துருவம் என்றால் ரயாஸ் மறு துருவம். அப்படியானால் கலப்பு எதற்கு என்று கேட்கலாம். ரயாஸ் தோட்டம் மணற்பாங்கானது. சுற்றிலும் மரங்கள் சூழ்ந்து குளிர்ச்சியானது. அந்த ஊரின் அடையாளமாகப் படங்களில் காணும், பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் கக்கும் உருண்டைக் கற்கள் அங்கே இல்லை. ஒரு விசேஷ மண்ணில் ஒரு விசேஷக் கை செய்வதை ஊர் முழுவதற்கும் விதியாக்க முடியாது. அப்படி ஆக்க முயன்றதன் விளைவைத்தான் 1990-களிலிருந்து அந்த ஊர் கண்டது. அமெரிக்க விமரிசகர்கள் 100-க்கு 100 மார்க் போடத் தொடங்கியதும், பல தோட்டக்காரர்கள் பழைய கிரெனாஷ் கொடிகளின் பழத்தைத் தனியே எடுத்து, தனிப் பெயர் சூட்டி, பல மடங்கு விலைக்கு விற்றார்கள். மிஞ்சியது சாதாரணப் பாட்டிலுக்குப் போயிற்று. குடும்பத்துக்குச் சமைத்த குழம்பிலிருந்து கறித்துண்டை மட்டும் எடுத்துத் தனிக் கிண்ணத்தில் விருந்தாளிக்கு வைப்பது போன்ற காரியம் இது. விருந்தாளி மெச்சுவார், வீட்டார் பாடு திண்டாட்டம்.

தட்டில் தெரியும் நியாயம்

கலப்பின் அருமை தனியே உறிஞ்சிப் பார்ப்பவருக்குத் தெரியாது. சாப்பாட்டோடு சேரும்போதுதான் தெரியும். அந்தப் பிரதேசத்துச் சமையலே பல பொருள் சேர்ந்த சமையல். பூண்டு, ஆலிவ், வெங்காயம், தைம், ரோஸ்மேரி, பிரியாணி இலையை ஒத்த ஒரு இலை. இவற்றில் எதுவும் தனி ஆவர்த்தனம் செய்வதில்லை.

அதில் தலையானது தோப் என்ற குழம்பு. இறைச்சியைச் சிவப்பு ஒயினில் இரவெல்லாம் ஊறவைத்து, பூண்டும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் போட்டு, மூடிய மண்பானையில் நாலைந்து மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைக்கிறார்கள். மற்ற இடங்களில் மாட்டிறைச்சி, அவிஞோனில் ஆட்டிறைச்சி. முதல் நாளைவிட மறுநாள் ருசி என்று சொல்வார்கள். நேற்று வைத்த மீன் குழம்பின் மகிமை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தக் குழம்புக்கு ஷாத்தோநெஃப் பொருந்துவதற்குக் காரணம், இரண்டும் ஒரே நிலத்தில், ஒரே செடிகொடிகளுக்கு நடுவே பிறந்தவை என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். அது கவித்துவம். ரசாயனக் காரணமும் இருக்கிறது.

ஆங்கிலேயருக்கு விளங்க வைப்பது கஷ்டமான ஒரு ருசி தமிழருக்குப் பெயரோடு தெரியும்: துவர்ப்பு. பாக்கை மென்றால், வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால், நாக்கு இறுகுகிறதே, அதே சங்கதிதான் சிவப்பு ஒயினிலும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாய் வறள்கிறது. கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சி வாயில் இருந்தால் டானினுக்கு வேறு வேலை கிடைத்துவிடுகிறது, ஒயின் மிருதுவாகிறது. ஆட்டுத் தொடையைப் பூண்டு குத்தி வாட்டியது, இலையுதிர் காலத்து வேட்டையில் கிடைக்கும் காட்டுப்பன்றி, முயல் இவையெல்லாம் இந்தக் கணக்கில் தேறுபவை. வழக்கமான துவர்ப்பு ஒயின்கள் இறைச்சியோடு நின்றுவிடும். கிரெனாஷின் இனிமையான கனம் சேர்ந்த இந்தக் கலப்பு, மரக்கறிக்கும் இறங்கி வரும். எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், காளான், நன்றாக முதிர்ந்த ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி எல்லாவற்றோடும் ஒத்துப்போகும்.

காளானைச் சொன்னதும் டிரஃபிளைச் சொல்லாமல் விட முடியாது. மண்ணுக்கடியில் விளையும் இந்தக் கறுப்புக் காளான் வகையின் பெரிய சந்தை, அதே பிரதேசத்தில் ரிஷெரான்ஷ் என்ற கிராமத்தில் குளிர்காலத்தில் கூடுகிறது. ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள தேவாலயத்தில் பக்தர்கள் காணிக்கைத் தட்டில் காசுக்குப் பதில் டிரஃபிளைப் போடுவார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு முதிர்ந்த ஷாத்தோநெஃப் ஒயினில் பழத்தின் மணம் அடங்கி மண்வாசனை எழும். டிரஃபிள் சீவிப் போட்ட முட்டைப் பணியாரத்துக்கு அந்த வயதான பாட்டிலைத் திறப்பதுதான் அந்த ஊர்ப் பெரியவர்களின் வழக்கம்.

எதற்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மீனுக்குச் சுத்தமாக ஆகாது. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீனோடு சேரும்போது கவிச்சி வாடையைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் 2009-ல் காட்டினார்கள். மிளகாய்க் காரத்துக்கும் ஆகாது. 14, 15 பங்கு ஆல்கஹால் உள்ள பானம் மிளகாயின் எரிச்சலை இரட்டிப்பாக்கும். கிராம்பு, பட்டை, மிளகு மணக்கும் ஆட்டிறைச்சியோடு ஒரு வழியாக ஒத்துப்போகும். பச்சை மிளகாயும் வற்றல் மிளகாயும் போட்டி போடும் ஆந்திரக் கோழிக்கு இந்த ஒயினைச் சிபாரிசு செய்யும் ஓட்டல் காரத்தையும் கெடுக்கிறது, காசையும் கெடுக்கிறது.

"சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடுக்க வேண்டும்" என்பது இன்னொரு மூட நம்பிக்கை. அந்த அறை, கணப்பு மட்டுமே இருந்த காலத்துப் பிரெஞ்சுக் கல்வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி வரைதான் இருக்கும். ஏப்ரல் மாதத்து பெங்களூர் அறை அல்ல. சென்னை அறை நிச்சயமாக அல்ல.

வெயில் கேட்கும் கேள்வி

கலப்பின் நியாயம் ருசியோடு நின்றிருந்தால் இது உல்லாசப் பேச்சாகவே முடிந்திருக்கும். அப்படி இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஒப்பிட்டால் ஷாத்தோநெஃப் அறுவடை ஏறக்குறைய மூன்று வாரம் முந்திவிட்டது. அக்டோபரை ஒட்டிப் பறித்த பழத்தை இப்போது செப்டம்பர் தொடக்கத்தில், சில ஆண்டுகளில் ஆகஸ்டு முடிவதற்குள்ளேயே பறிக்கிறார்கள். 2019 ஜூன் 28-ந் தேதி தெற்குப் பிரான்சில் 46 டிகிரி வெப்பம் பதிவாகி, அண்டை மாவட்டங்களில் திராட்சை இலைகள் நெருப்பில் வாட்டியது போல் கருகின. வெயில் ஏற ஏறச் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை ஏற ஆல்கஹால் ஏறுகிறது. குறைந்தபட்சம் 12.5 வேண்டும் என்று 1923-ல் விதித்தவர்களின் பேரப்பிள்ளைகள், 15-க்கு மேல் போகாமல் எப்படித் தடுப்பது என்று திகைக்கிறார்கள். சாப்பாட்டோடு சேர வேண்டிய ஒயின் சாப்பாட்டையே அமுக்கிவிடும் நிலைக்கு வந்திருக்கிறது.

இந்த இக்கட்டில் கைகொடுப்பது எது? யாரும் சீண்டாமல் கிடந்த சிறு திராட்சைகள். வக்கரேஸ், முஸ்கார்தான், கூனுவாஸ் ஆகியவற்றில் ஆல்கஹால் அவ்வளவு ஏறாது, புளிப்பும் குறையாது. நிறம் போதாது, பெயர் தெரியாது, மார்க் விழாது என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் பிடுங்கி எறியப்பட்டவை இவை. இன்று மீண்டும் தேடி நடுகிறார்கள். சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையைச் சேர்க்கும் பழைய அனுமதியையும் இப்போது தூசி தட்டி எடுக்கிறார்கள். பர்கண்டியில் சிவப்பு ஒயின் என்றால் பெரும்பாலும் பினோ நுவார் ஒன்றே. அங்கே வெயில் முற்றினால் கலந்து சரிக்கட்ட வேறு திராட்சை இல்லை. தெம்புக்காக ஒரு காலத்தில் ரோன் ஒயினைக் கடன் வாங்கிய பிரதேசத்தின் நிலை அது.

கலப்படமும் செத்துப் போய்விடவில்லை. 2013-க்கும் 2016-க்கும் இடையே ரோன் பகுதியின் மொத்த வியாபாரி ஒருவர், பெயரற்ற மலிவு ஒயினைக் கோத் து ரோன் என்றும் ஷாத்தோநெஃப் என்றும் விற்றதாகப் பிரெஞ்சு அரசின் மோசடித் தடுப்பு இலாகா 2018-ல் அறிவித்தது. அளவு 6.6 கோடி பாட்டிலுக்கு மேல். குடித்தவர் யாருக்கும் வயிற்றுவலி வந்ததாகப் புகார் இல்லை. பொய்யாக இருந்தது பெயர் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெயருக்காகத்தான் ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டரோடு கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் நின்றிருந்தார்கள்.

அவர்கள் நிலை இப்போது சுலபமாக இல்லை. 1960 வாக்கில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இன்று அதில் பாதிகூட இல்லை. உடல்நலத்துக்கு அது நல்லதே, தோட்டக்காரருக்குத்தான் இடி. 2024-ல் கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று அரசு உதவித் தொகை அறிவிக்க, ரோன் பகுதியிலும் பலர் முன்வந்தார்கள். ஷாத்தோநெஃப் போன்ற பெரிய பெயர்கள் இன்னும் தாங்குகின்றன. அங்கே இப்போது நடக்கும் விவாதம், பிடுங்குவதா வேண்டாமா என்பதல்ல. காலியான இடத்தில் எதை நடுவது என்பது. எளிதில் விலை போகும் கிரெனாஷையும் சிராவையுமே மீண்டும் நடச் சொல்கிறது வியாபாரிகள் கட்சி. ஊர்ப் பெரியவர்களில் சிலரும் இளைஞர்களில் பலரும் பழைய பட்டியலின் அடிவரிசையில் உள்ளவற்றை நடுகிறார்கள். கொடி நட்டு முதல் பழம் தர மூன்று நான்கு ஆண்டு, ஆழமாக வேரோடி நல்ல பழம் தரச் சில பத்தாண்டு ஆகும். இன்று வக்கரேஸ் நடுகிறவர் அதன் முழு ருசியைத் தாம் பார்க்கப் போவது சந்தேகம் என்று தெரிந்தே நடுகிறார்.